ஷூ திரும்பியது, கிளீட் திரும்பவில்லை: கட்டபெட்டு அருகே நடந்த ஒரு விபத்தின் நிகழ்வு ஆய்வு

குன்னூரிலிருந்து கோத்தகிரி போகும் சாலையில், கட்டபெட்டு சந்திப்புக்குச் சற்று முன்னால், ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு பள்ளி ஆசிரியை சைக்கிளோடு சாய்ந்து விழுந்தார். வேகமாக வந்து விழவில்லை, நின்ற இடத்தில் விழுந்தார். முன்னால் போன பேருந்து ஆள் இறக்க நின்றது. இவரும் பிரேக் பிடித்தார், இடது காலைத் தரையில் ஊன்றப் போனார். ஷூவின் அடியில் திருகிய கிளீட் என்ற எஃகுத் துண்டைப் பெடல் கவ்விப் பூட்டிக்கொள்ளும் வகை அது. கால் பெடலை விட்டு வரவில்லை.

அடி பெரிதில்லை. இடது முழங்கையில் தோல் உரிந்தது, மணிக்கட்டு சுளுக்கியது, இடுப்போரம் கன்றிப்போனது. எக்ஸ்ரேயில் எலும்பு முறிவு எதுவும் இல்லை. இடதுபுறம் புல்லும் சேறுமாக இருந்ததால் இந்த மட்டோடு போயிற்று. வலதுபுறம் சாய்ந்திருந்தால், பின்னால் பச்சைத் தேயிலை மூட்டை ஏற்றி வந்த லாரிக்கு முன்னால் விழுந்திருப்பார். அதனால்தான் இதை உட்கார்ந்து எழுதுகிறேன்.

நான் குன்னூரில் சைக்கிள் பழுது பார்க்கிறவன். அந்தச் சைக்கிள் அன்று மதியமே பிக்கப் வண்டியில் ஏறிக் கடைக்கு வந்தது. இடது பெடலில் ஷூ அப்படியே மாட்டியிருந்தது. பட்டியை அவிழ்த்துக் காலை மட்டும் உருவி எடுத்திருக்கிறார்கள். நடத்துநரும் கணவரும் சேர்ந்து இழுத்தும் ஷூ வரவில்லையாம். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். பெயரும் பள்ளியும் வேண்டாம் என்றார். டீச்சர் என்றே இருக்கட்டும், கடையிலும் அப்படித்தான் கூப்பிடுகிறோம்.

எல்லோரும் சொன்னதும் அவர் சொன்னதும்

விழுந்த இடத்தில் கூடியவர்கள் முதல் வீட்டுக்கு வந்து விசாரித்தவர்கள் வரை ஒரே தீர்ப்பு: "இன்னும் பழகலை." கூடவே ஓட்டி வந்த கணவரும் அதையேதான் சொன்னார். அவர் டீச்சருக்கு முன்பே இந்தப் பெடலுக்கு மாறியவர். ஆரம்பத்தில் அவரும் இப்படி ஒருமுறை சாய்ந்தாராம். காலைப் பூட்டும் பெடலுக்கு மாறுகிற யாரும் ஒருமுறையாவது நின்ற இடத்தில் விழாமல் தப்புவதில்லை என்பது ஓட்டுகிறவர்கள் மத்தியில் அடிபடும் பேச்சு. பதற்றத்தில் குதிகாலைத் திருப்ப மறந்து காலை மேலே இழுப்பார்கள், வராது, விழுவார்கள். பெரும்பாலும் நடப்பது அதுதான். ஆனால் டீச்சர் பல மாதமாக இதில் ஓட்டுகிறவர். பேருந்து நின்றால் நிற்க அவருக்குத் தெரியும்.

மறுநாள் மணிக்கட்டில் கட்டோடு கடைக்கு வந்தார். "என்ன நடந்துச்சுன்னு நீங்களே சொல்லுங்க டீச்சர்" என்றேன்.

"நான் திருப்பினேங்கண்ணா. எப்பவும் திருப்புற மாதிரிதான். ஷூ திரும்புச்சு, நல்லாவே திரும்புச்சு. ஆனா கழலலை."

"திரும்பவே இல்லையா, இல்ல திரும்பியும் கழலலையா?"

"திரும்பியும் கழலலை. அதான் எனக்கும் புரியல."

கணவர் இதைப் பதற்றத்தின் கணக்கில் எழுதினார். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஸ்பிரிங் அளவுக்கு மீறி இறுக்கமாக இருந்தால் ஷூ திரும்பவே மறுக்கும். பெடலில் கிளீட்டைக் கவ்வும் தாடையில் சேறு அடைத்திருந்தாலும் அதே கதைதான். ஷூ தாராளமாகத் திரும்பியும் பூட்டு திறக்கவில்லை என்றால், ஷூவுக்கும் பூட்டுக்கும் நடுவில் ஏதோ விட்டுப்போயிருக்கிறது. அவரைப் பேச விட்டிருந்தால் கட்டபெட்டிலேயே விஷயம் பாதி விளங்கியிருக்கும்.

பூட்டும் அதன் இரண்டு இணைப்புகளும்

டீச்சருடையது ஷிமானோவின் எஸ்பிடி வகை. ஷூவின் அடியில் ஒரு பள்ளம், அந்தப் பள்ளத்துக்குள் 2 போல்ட்டில் நிற்கும் சிறிய எஃகுத் துண்டு. அதுதான் கிளீட். அதன் மூக்கைப் பெடலின் முன்பக்கக் கொக்கிக்குள் நுழைத்துக் காலை அழுத்தினால், ஸ்பிரிங்கில் நிற்கும் பின்தாடை விலகி, கிளீட்டின் வால் உள்ளே இறங்கியதும் டக்கென்று மூடிக்கொள்ளும். வெளியே வரக் குதிகாலை வெளிப்பக்கம் திருப்ப வேண்டும். முதலில் கொஞ்ச தூரத்துக்கு ஒன்றும் ஆகாது. அது முழங்கால் தன் போக்கில் அசைய விட்டிருக்கும் இடம், இந்தக் கிளீட்டில் 4 டிகிரி. அதையும் தாண்டித் திருப்பினால் கிளீட்டின் பின்தோள் தாடையைத் தள்ளித் திறக்கும். சுமார் 13 டிகிரியில் கால் வெளியே வந்துவிடும்.

இதில் ஒரு விஷயத்தைப் பலர் யோசிப்பதில்லை. உள்ளே போக அழுத்தம் போதும். மிதிக்கவும் அழுத்தம்தான். மேலே இழுக்க ஒரு போல்ட் பிடித்திருந்தாலும் நடந்துவிடும். திருப்புவிசை தேவைப்படுவது வெளியே வருவதற்கு மட்டுமே. அந்த விசை காலிலிருந்து ஷூவுக்கும், ஷூவின் அடியிலிருந்து கிளீட்டுக்கும், கிளீட்டிலிருந்து தாடைக்கும் போய்ச் சேர வேண்டும். ஆக, நாம் ஒன்று என்று நினைக்கிற இணைப்பு உண்மையில் இரண்டு. கிளீட்டுக்கும் பெடலுக்கும் நடுவே ஸ்பிரிங் இணைப்பு, ஷூவுக்கும் கிளீட்டுக்கும் நடுவே போல்ட் இணைப்பு. சத்தம் போடுவதும், கூட்டிக் குறைக்கத் திருகு வைத்திருப்பதும், கடைக்காரர் காட்டி விற்பதும் முதலாவது. இரண்டாவதை ஷூ வாங்கிய நாளோடு மறந்துவிடுகிறோம். அது விட்டுப்போனால் ஓட்டும்போது தெரியாது, இறங்கும்போதுதான் தெரியும்.

வெளியே வருவதுதான் இந்தப் பெடல்களின் ஆதிகாலத் தலைவலி. கூண்டும் தோல்பட்டையும் வைத்துக் காலைக் கட்டிய நாட்களில், நிற்பதற்கு முன் குனிந்து பட்டையைத் தளர்த்த வேண்டும். 1970-களின் தொடக்கத்தில் இத்தாலியின் சினெல்லி நிறுவனம் எம்71 என்ற பெடலைக் கொண்டுவந்தது. அதில் ஷூவை விடுவிக்கக் குனிந்து கையால் ஒரு நெம்புகோலைத் தள்ள வேண்டும். ஓட்டியவர்கள் அதற்குச் சாவுக் கிளீட் என்று பட்டப்பெயரே வைத்தார்கள். பனிச்சறுக்குப் பலகையில் பூட்ஸைப் பூட்டும் கருவிகள் செய்துவந்த பிரான்சின் லுக் நிறுவனம், அந்த நுட்பத்தை 1984-இல் சைக்கிள் பெடலுக்குக் கொண்டுவந்த பிறகுதான் காலைத் திருப்பினால் கழலும் வசதி பரவியது. மறு ஆண்டே பெர்னார்ட் ஹினோ லுக் பெடலோடு டூர் டி பிரான்ஸை வென்றார். 1990-இல் வந்த எஸ்பிடி கிளீட்டைச் சிறிதாக்கி ஷூவின் அடிப்பள்ளத்துக்குள் ஒளித்துவைத்தது. சேற்றில் இறங்கிச் சைக்கிளைத் தள்ளுகிறவர்களுக்காக வந்த ஏற்பாடு, நம் மலைக்குப் பொருந்துவதும் அதனால்தான். 3 போல்ட்டில் நிற்கும் அகலமான பிளாஸ்டிக் கிளீட் சாலைப் பந்தயத்துக்கு உசத்தி என்பார்கள். இருக்கட்டும், அதைப் போட்டுக்கொண்டு குன்னூர் மார்க்கெட் படிக்கட்டில் மழையன்று இறங்கிப் பாருங்கள்.

எதெல்லாம் காரணம் இல்லை

விழுவதற்கு முந்தைய வாரம், இடது காலை மிதிக்கும்போதெல்லாம் கிரீச்சென்று சத்தம் வந்ததாக டீச்சர் சொன்னார். வீட்டில் பெடலை இறுக்கிப் பார்த்திருக்கிறார்கள். இடது பெடலின் மரை இடமரை, கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் திருகினால்தான் இறுகும். கணவருக்கு அது தெரிந்திருந்தது, சரியாகவே இறுக்கியிருந்தார். சத்தம் மட்டும் நிற்கவில்லை. நான் ஸ்பேனர் போட்டுப் பார்த்தேன், அசையவில்லை. பெடலைப் பிடித்து ஆட்டினேன், பேரிங்கில் ஆட்டம் இல்லை.

ஸ்பிரிங்கை அடுத்துப் பார்த்தேன். பெடலின் பின்புறம் 3 எம்எம் ஆலன் கீ (அறுகோணச் சாவி) நுழையும் ஒரு சிறு திருகு உண்டு, இறுக்கத்தைக் கூட்டவும் குறைக்கவும். இடது, வலது இரண்டும் ஏறக்குறைய மிகக் குறைந்த இறுக்கத்தில்தான் இருந்தன. ஷூவை எடுத்த பிறகு, கடையில் கிடந்த வேறொரு ஷூவை அதே பெடலில் மாட்டிக் கழற்றினேன். ஒரு பிசகும் இல்லை. பெடலைக் குற்றம் சொல்ல முடியாது.

ஷூவை எடுத்ததுதான் பெரும்பாடு. கையால் திருப்பினால் பெடலைத் தாங்கும் கிராங்கில் குதிகால் இடிக்கும் வரை ஒரு பக்கம் வருகிறது, மறுபக்கம் அதைவிட அதிகம் போகிறது. தாடை மட்டும் அசையாமல் கிளீட்டைக் கவ்விக்கொண்டிருக்கிறது. கிளீட்டின் போல்ட்டைக் கழற்றலாம் என்றால், அதன் தலை பெடலுக்கும் ஷூவுக்கும் இடுக்கில் மாட்டியிருக்கிறது, சாவி போகாது. கடைசியில் ஸ்பிரிங் திருகை முழுக்கத் தளர்த்தி, அகலமான திருப்புளியைத் தாடைக்குள் விட்டு நான் பின்னால் நெம்ப, கடைப் பையன் ஷூவைத் தூக்கினான். வந்தது.

ஷூவின் அடியில் எழுதியிருந்தது

ஷூவைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்ததுமே பாதி தெரிந்துவிட்டது. 2 போல்ட் அருகருகே இருக்க வேண்டிய இடத்தில் பெருவிரல் பக்கம் ஒன்றுதான் இருந்தது. வெளிப்பக்கப் போல்ட் இல்லை. இருந்த ஒன்றிலும் 4 எம்எம் சாவியை வைத்து இரண்டு விரலால் திருப்பினேன், சுற்றியது. ஒற்றை ஆணியில் மாட்டிய காலண்டர் போலக் கிளீட் அந்த ஒரு போல்ட்டில் ஊசலாடிக்கொண்டிருந்தது. டீச்சர் குதிகாலைத் திருப்பியபோது கிளீட் தாடைக்குள் அப்படியே நின்றுவிட்டது, ஷூ மட்டும் அந்தப் போல்ட்டைச் சுற்றித் திரும்பியது. அவர் சொன்னது வார்த்தைக்கு வார்த்தை உண்மை.

வெளிப்பக்கப் போல்ட் எப்போது போனது? விழுந்த அதிர்ச்சியில் அன்றே தெறித்துப் போயிருக்கலாமே என்று கணவர் கேட்டார். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் துளைக்குள்ளேயே இருந்தது. காலியான துளையின் வாயில் ஈரச்சேறு, அதற்கு உள்ளே செம்மண் காய்ந்து கட்டியாகி இருந்தது, கோணி ஊசி வைத்துச் சுரண்டித்தான் எடுக்க வேண்டியிருந்தது. அன்று காலை சாலை முழுக்க ஈரம். ஒரே காலையில் மண் உள்ளே போய் அப்படிக் காய்ந்து இறுகாது. ஆகவே போல்ட் சில நாளுக்கு முன்பே போய்விட்டது. மண்ணை எடுத்த பிறகு உள்ளே மரை பழுதில்லாமல் இருந்தது. போல்ட் முறிந்திருந்தால் அதன் துண்டு உள்ளே மாட்டியிருக்கும், பிடுங்கிக்கொண்டு வந்திருந்தால் மரை சிதைந்திருக்கும். இரண்டும் இல்லை. மெல்ல மெல்லச் சுற்றிக்கொண்டு தானாகக் கழன்று விழுந்திருக்கிறது.

கிளீட்டையும் கழற்றி ஷூவின் அடிப்பாகத்தைப் பார்த்தேன். மிஞ்சியிருந்த போல்ட்டை மையமாக வைத்து வளைந்த கீறல்கள் இருந்தன. சில மங்கலாக, குட்டையாக, ஓரத்தில் மண் படிந்து. ஒன்று மட்டும் நீளமாக, பளிச்சென்று. மங்கலானவை கிளீட் கொஞ்சம் கொஞ்சமாக அசைந்த நாட்களுடையவை, அந்தக் கிரீச் சத்தமும் அப்போதுதான் பிறந்தது. நீளமானது கட்டபெட்டில் விழுந்தது.

இன்னும் ஒரு தடயம், எனக்கு முக்கியமாகப் பட்டது இதுதான். கிளீட்டின் மேற்புறத்தில், ஷூவை ஒட்டும் பக்கத்தில், சிறு பற்கள் இருக்கும். போல்ட்டை ஒழுங்காக இறுக்கினால் அவை ஷூவின் அடியில் பதிந்து கடித்துக்கொள்ளும். பெரிய பிடிமானம் அந்தக் கடியில்தான் இருக்கிறது. டீச்சரின் இடது ஷூவில் இரண்டு வரிசைப் பல்தடம் இருந்தது. ஒன்று ஆழமானது, ஷூ வாங்கியபோது கடையில் இறுக்கியது. இன்னொன்று கொஞ்சம் கோணம் மாறி, மேலோட்டமாக, சில இடங்களில் பதியாமலேயே. வலது ஷூவில் ஆழமான தடம் ஒன்றுதான். அதன் 2 போல்ட்டும் அசையவில்லை.

"இடது கிளீட்டை நடுவில் யாராவது மாத்தி வெச்சீங்களா?" என்று கேட்டேன். கணவரும் மனைவியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

மாற்றி வைத்த கை

மாற்றியது கணவர். டீச்சருக்கு ஏற்றத்தில் இடது முழங்காலின் வெளிப்பக்கம் வலித்திருக்கிறது. கிளீட்டின் கோணத்தைச் சற்றுத் திருப்பினால் சரியாகும் என்று கேள்விப்பட்டு, வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து திருப்பியிருக்கிறார். யோசனையில் தப்பில்லை. எப்படிச் செய்தார் என்று செய்து காட்டச் சொன்னேன். அங்கேதான் விடை கிடைத்தது.

ஆலன் கீக்கு ஒரு நீளப் பக்கம், ஒரு குட்டைப் பக்கம். அவர் நீளப் பக்கத்தைப் போல்ட்டுக்குள் விட்டு, குட்டைப் பக்கத்தைப் பிடித்துத் திருகினார். வேகமாகச் சுற்ற அது வசதி, எல்லோரும் செய்வதுதான். கடைசி இறுக்கத்தையும் அதே பிடியில் முடித்துவிட்டார். இந்தப் போல்ட்டுக்கு ஷிமானோ சொல்லும் இறுக்கம் 5 முதல் 6 நியூட்டன் மீட்டர். என்னிடம் உள்ள 4 எம்எம் சாவியின் நீளப் பக்கம் 7 செ.மீ., குட்டைப் பக்கம் 2.5 செ.மீ. நீளப் பக்கத்தைப் பிடித்தால் சுமார் 8 கிலோ எடைக்குச் சமமான அழுத்தத்தில் அந்த இறுக்கம் வந்துவிடும். குட்டைப் பக்கத்தைப் பிடித்தால் சுமார் 22 கிலோ வேண்டும். விரல் அதற்கு முன்பே வலித்துவிடும். வலிக்கிற இடத்தில் "போதும், இறுகிடுச்சு" என்று தோன்றும்.

இரண்டாவது காரணம் மண். கிளீட்டைத் திருப்பி வைக்கும் முன் அதை முழுதாகக் கழற்றவில்லை. போல்ட்டைத் தளர்த்தி, கிளீட்டைக் கொஞ்சம் சுழற்றி, திரும்ப இறுக்கியிருக்கிறார். கிளீட்டுக்கும் ஷூவுக்கும் நடுவே மாதக்கணக்கில் படிந்த செம்மண் அப்படியே இருந்தது. மண்ணின் மேல் இறுக்கிய போல்ட் வெயில் காலத்தில் பேசாமல் இருக்கும். மழையில் அந்த மண் கரைந்து வெளியேறினால், மயிரிழை இடைவெளி விழுந்தாலே போதும், போல்ட்டின் இழுப்பு போய்விடும். தென்மேற்குப் பருவமழை கூடலூர், அவலாஞ்சிப் பக்கம் கொட்டும். குன்னூருக்கும் கோத்தகிரிக்கும் வடகிழக்குப் பருவமழைதான் பெரிசு. திருப்பி வைத்தது புரட்டாசியில், விழுந்தது ஐப்பசியில். கணக்கு ஒத்துப்போகிறது.

மூன்றாவது, நடை. டீச்சர் வீட்டுக்குப் போகச் சாலையிலிருந்து கல் பாவிய செங்குத்துப் பாதையில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு ஏற வேண்டும். பள்ளத்துக்குள் ஒளிந்திருக்கிற கிளீட் தரையில் படக்கூடாதுதான். ஆனால் ஷூவின் ரப்பர் கட்டைகள் தேயத் தேயப் பள்ளம் ஆழம் குறைகிறது. அவருடைய ஷூவில் வெளிப்பக்கக் கட்டைகள் நன்றாகவே தேய்ந்திருந்தன, கிளீட்டின் வெளிவிளிம்பில் கல்லில் உரசிய பளபளப்பு தெரிந்தது. ஒவ்வோர் அடியிலும் வெளிப்பக்கப் போல்ட்டுக்குத்தான் தட்டு விழுந்திருக்கிறது. உள்பக்கத்தது நிற்க, வெளிப்பக்கத்தது போனதற்கு நான் சொல்கிற காரணம் இது.

இவற்றில் எது பெரிய காரணம் என்பதற்கு எதிர்பாராத ஒரு சாட்சி கிடைத்தது. டீச்சருக்குச் செய்த அன்றே கணவர் தன் கிளீட்டையும் அரை சென்டிமீட்டர் பின்னால் நகர்த்தியிருந்தார். அதே சாவி, அதே பிடி. அவருடைய ஷூவையும் கொண்டுவரச் சொன்னேன். 4 போல்ட்டும் இருந்தன, ஆனால் 2 போல்ட் விரல்பலத்திலேயே சுற்றின. இருவருக்கும் ஒரே வீடு, ஒரே பாதை. புது ஷூ என்பதால் ரப்பர் தேயவில்லை, போல்ட்டுக்குத் தட்டு விழவில்லை, அதனால் இன்னும் உள்ளே நிற்கிறது. தளர்ந்தது மட்டும் இருவருக்கும் ஒன்றுதான். ஆக முதல் குற்றவாளி சாவியைப் பிடித்த விதம். மண்ணும் நடையும் கூட்டாளிகள்.

முழங்கால் சொன்ன பொய்

இந்த நிகழ்வில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது போல்ட் இல்லை, முழங்கால். கோணத்தைத் திருப்பிய பிறகு வலி குறைந்ததா என்று கேட்டேன். "முதல்ல பெரிசா ஒண்ணும் இல்லைங்கண்ணா. அப்புறம் போகப் போக நல்லா இதமாயிடுச்சு" என்றார் டீச்சர். அதனால்தான் யாரும் கிளீட்டைத் திரும்பிப் பார்க்கவில்லை. வலி போய்விட்டது, வைத்தியம் பலித்துவிட்டது.

கோணம் சரியாகியிருந்தால் இதம் முதல் ஓட்டத்திலிருந்தே தெரிந்திருக்க வேண்டும். போகப் போக இதமானதற்கு, போல்ட் போகப் போகத் தளர்ந்ததே காரணம் என்பது என் எண்ணம். கிளீட் ஆட ஆட, பாதம் தனக்குப் பிடித்த கோணத்தைத் தானே தேடிக்கொண்டது. முழங்காலுக்குக் கிடைத்த சுகம் ஆபத்தின் அறிகுறியாக இருந்திருக்கிறது.

இதைச் சோதித்துப் பார்க்க வழி இருந்தது. மணிக்கட்டு ஆறியதும், டீச்சரிடம் சொல்லிவிட்டு, கணவர் வைத்த அதே கோணத்தில் புதுக் கிளீட்டைச் சரியான இறுக்கத்தில் வைத்தேன். பெட்ஃபோர்டிலிருந்து வண்டிச்சோலை வரை நிதானமாக ஓட்டிவிட்டு வரச் சொன்னேன். "வலி திரும்ப வந்துடுச்சு, அதே இடம்" என்று வந்து நின்றார். சந்தேகம் தீர்ந்தது.

பிறகு கோணத்தைப் பாதத்திடமே கேட்டோம். மேசை விளிம்பில் உட்கார்ந்து காலைத் தளர்வாகத் தொங்கவிடச் சொன்னால், பாதம் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று தெரிந்துவிடும். டீச்சரின் வலது பாதம் ஏறக்குறைய நேராகவும், இடது பாதம் விரல் வெளிப்பக்கம் விரிந்தும் நின்றன. விரல் வெளியே விரிந்த பாதத்துக்கு, ஷூவின் அடியில் கிளீட்டின் மூக்கு பெருவிரல் பக்கம் சாய வேண்டும். பலர் இதை நேர்மாறாகச் செய்துவிடுவார்கள், ஏனென்றால் கிளீட்டையும் பாதத்தையும் ஒரே திசையில் திருப்பத்தான் கை போகும். கணவர் சரியான திசையில்தான் திருப்பியிருந்தார், அளவுதான் போதவில்லை.

செய்த வேலை

கிளீட்டுகளை முழுதாகக் கழற்றி, பள்ளத்தையும் மரையையும் பழைய பல் பிரஷ்ஷால் தேய்த்துக் காயவைத்தோம். ஷூவுக்குள் இருக்கும் மரைத்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்று அட்டையைத் தூக்கிப் பார்த்தோம், லேசாகத்தான். தேய்ந்த கிளீட்டைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு காலுக்கும் புதிது. போல்ட் மரையில் கிரீஸ் தடவினேன். கிரீஸ் போட்டால் கழன்றுவிடாதா என்று பையன் கேட்டான். உலர்ந்த, துருவேறிய மரையில் கையின் பலமெல்லாம் உரசலுக்கே செலவாகிவிடும், இறுகியது போல ஏமாற்றும். கிரீஸ் இருந்தால் பலம் பிடிமானத்துக்குப் போகும். தவிர, நம் மூடுபனியில் உலர விட்ட போல்ட் அடுத்த வருடம் கழற்றவே வராது, தலை மழுங்கித் துளையிட்டு எடுத்த ஷூக்களை நிறையப் பார்த்தாயிற்று.

பெருவிரல் மூட்டும் சுண்டுவிரல் மூட்டும் ஷூவின் பக்கவாட்டில் எங்கே வருகின்றன என்று தொட்டுப் பார்த்துப் புள்ளி வைத்து, பெடலின் அச்சு அந்த இரண்டுக்கும் நடுவே வரும்படி கிளீட்டை வைத்தோம். 2 போல்ட்டையும் மாற்றி மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சில் 6 நியூட்டன் மீட்டர். அப்புறம் கிளீட்டின் விளிம்பைச் சுற்றி ஷூவின் அடியில் வெள்ளை பெயிண்ட்டால் ஒரு கோடு. கிளீட் துளி நகர்ந்தாலும் கோடு காட்டிக்கொடுத்துவிடும். சில ஓட்டங்களுக்குப் பிறகு திரும்ப வரச் சொன்னேன். பற்கள் அடியில் நன்றாகப் பதிந்து உட்காரும்போது போல்ட் கொஞ்சம் தளர்வது இயல்பு. அதேபோல வெளிப்பக்கப் போல்ட் கால் சுற்று ஏற்றுக்கொண்டது. கோடு நகரவில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாடு வந்தது. எந்தப் பக்கம் திருப்பினாலும், குதிகாலைத் தூக்கி உதறினாலும் கழலும் இன்னொரு வகைக் கிளீட் இருக்கிறது, எஸ்எச்56. டீச்சரிடம் இருந்தது எஸ்எச்51, பக்கவாட்டில் திருப்பினால் மட்டுமே கழலும். 56-க்கு மாற்றிவிடலாம் என்று கணவர் நின்றார். அன்று அது இருந்திருந்தால் உதறியதிலேயே கழன்றிருக்க வாய்ப்பு உண்டு, மறுக்கவில்லை. ஊருக்குள் நின்று நின்று போகிறவர்களுக்கு, புதிதாகப் பழகுகிறவர்களுக்கு அதைத்தான் நானும் தருகிறேன். ஆனால் டீச்சர் கொண்டை ஊசி வளைவுகளில் சீட்டை விட்டு எழுந்து நின்று, பின்காலை இழுத்து ஓட்டுகிறவர். பர்லியாரிலிருந்து குன்னூர் ஏறும்போது, எதிர்பாராமல் ஒரு கால் கழன்று வந்தால் அதுவும் விழுகைதான், பக்கத்தில் லாரி இருந்தால் இன்னும் மோசம். பழுது போல்ட்டில் இருக்கும்போது கிளீட்டின் வகையை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் பூட்டோடும் வரும் பெடலையும் எடுத்துக் காட்டினேன், மார்க்கெட்டுக்குப் போகும் நாளில் தட்டைப் பக்கத்தில் மிதிக்கலாம். டீச்சர் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "51-ஏ இருக்கட்டுங்கண்ணா" என்று முடித்துவிட்டார்.

கிளம்பும் முன் வாசலிலேயே சுவரைப் பிடித்துக்கொண்டு, இரண்டு காலையும் ஒருமுறை மாட்டிக் கழற்றிப் பார்க்கச் சொல்லியிருக்கிறேன். ஷூ வழக்கத்தைவிட அதிகம் திரும்பினாலோ, கழல்வது ஒரு நொடி தாமதித்தாலோ, அன்று சாதாரணச் செருப்போடு வேறு சைக்கிளில் போவது நல்லது. வழியில் மாட்டிக்கொண்டால் காலோடு மல்லுக்கட்டக் கூடாது. வண்டி உருண்டுகொண்டிருக்கும்போதே ஓரம் கட்டி, மைல்கல்லையோ தடுப்புச் சுவரையோ கையால் பிடித்து நின்று, ஷூவின் பட்டியை அவிழ்த்துக் காலை உருவிக்கொள்ளலாம். நின்ற பிறகு இழுத்தால் விழுவது நிச்சயம்.

முழங்கால் வலி அதற்குப் பிறகு வரவில்லை. கிரீச் சத்தமும் இல்லை. 4 எம்எம் சாவி ஒன்றும் 2 உபரி போல்ட்டும் சீட்டுக்கு அடியிலுள்ள பையில் இருக்கின்றன. மழைக்காலம் முடியும்வரை வாரம் ஒருமுறை இறுக்கம் பார்ப்பது டீச்சரின் வேலை, நீளப் பக்கத்தைப் பிடித்து. கணவரின் ஷூவுக்கும் அவர்தான் பார்க்கிறார்.